மலை உச்சியில் பாரோமீட்டர்: ஆல்ப்ஸை முதலில் ஆராய்ந்தவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை ஆராய்ச்சி என்றால் இமயமலை இருக்கிறதே, ஏன் ஆல்ப்ஸ்?

உயரத்தில் இமயம்தான் பெரியது, அதில் சண்டையே இல்லை. ஆனால் இந்தப் பாறை ஏன் இப்படி மடிந்து கிடக்கிறது, இந்தப் பனி எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டு, கையில் கருவியும் நோட்டுமாக ஒரே மலைக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் போய் வந்த கதை ஆல்ப்ஸில்தான் நீளமாகக் கிடைக்கிறது. காரணம் ரொம்ப சாதாரணம்: மலை பக்கத்தில் இருந்தது. ஜெனீவா நகரத்தில் வானம் தெளிந்த நாளில் நின்று பார்த்தால் மோன் பிளான் (நம் பள்ளிப் புத்தகங்களில் மாண்ட் பிளாங்க்) வெள்ளையாகத் தெரியும். பேராசிரியர் வகுப்பை முடித்துவிட்டுக் கோடை விடுமுறைக்கு மலைக்குப் போய், இலையுதிர் காலத்தில் திரும்பி வந்து எழுத உட்காரலாம். அடுத்த கோடையில் அதே பாறையை மறுபடி பார்த்து, போன வருடம் எழுதியதை அடிக்கலாம். அந்த அடித்தல் திருத்தல்தான் இந்தப் பக்கம் முழுக்க வரப்போகிறது.

முதல் விஞ்ஞானி ட்ராகன்களுக்குப் பட்டியல் போட்டவர் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். ஜூரிக் நகர மருத்துவர் யோஹான் யாக்கோப் ஷாய்ஹ்சர் (1672–1733). 1702 முதல் சுமார் பத்து ஆண்டுகள் ஆல்ப்ஸில் திரும்பத் திரும்பப் பயணம் செய்தார். போகும் இடமெல்லாம் பாரோமீட்டர் வைத்துக் காற்றழுத்தம் அளந்தார், செடி சேர்த்தார், படிகம் சேர்த்தார். கூடவே ஒவ்வொரு ஊரிலும் யார் யார் ட்ராகன் பார்த்ததாகச் சொன்னார்கள் என்பதையும் பகுதிவாரியாகக் குறித்துக்கொண்டார், படத்தோடு. எல்லாவற்றையும் அவர் நம்பிவிடவில்லை. சிலதைக் கட்டுக்கதை என்று தள்ளினார், சிலதை இருக்கலாம் என்று விட்டுவைத்தார்.

இவர் 1726இல் ஒரு புதைபடிவத்தைக் காட்டி, நோவாவின் வெள்ளத்தில் செத்த பாவப்பட்ட மனிதன் இவன் என்று அறிவித்தார். பிற்பாடு கூவியே என்ற பிரெஞ்சு அறிஞர் அந்தக் கல்லைச் சுரண்டிப் பார்த்தால், உள்ளே முன்னங்கால்கள் தெரிந்தன. மனிதன் இல்லை, ராட்சத சாலமாண்டர். தவளை இனத்துக்கு உறவான, பல்லி மாதிரி வாலுள்ள பிராணி. இன்று அந்த உயிரினத்தின் அறிவியல் பெயரிலேயே ஷாய்ஹ்சரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தப்பு செய்தவருக்குக் கிடைத்த மரியாதை என்று இதைச் சிரிப்பாகச் சொல்வார்கள். எனக்கு அவர் மேல் மதிப்புதான். பாரோமீட்டரைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்.

சரி, சோசூர் என்ற பெயர் எங்கும் வருகிறதே, யார் அவர்?

ஓராஸ் பெனெடிக்ட் த சோசூர், 1740இல் ஜெனீவாவில் பிறந்தவர். (மொழியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த ஃபெர்டினான்ட் த சோசூர் இவருடைய கொள்ளுப்பேரன்.) இருபது வயதில், 1760இல், தாவரவியல் அறிஞர் ஹாலருக்காகச் செடி சேகரிக்க மோன் பிளான் அடிவாரத்து ஷமோனி கிராமத்துக்குப் போனார். மேலே பார்த்தார், அதோடு சரி, மீதி வாழ்க்கை அந்த மலையோடுதான். உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று ஊரில் அறிவித்துவிட்டு வந்தார். அந்தப் பரிசை வாங்க ஆள் வர 26 ஆண்டுகள் ஆயின.

இடையில் 22 வயதிலேயே பேராசிரியர் ஆகிவிட்டார். 1767இல் கண்ணாடி அடுக்குகள் வைத்த ஒரு பெட்டியைச் செய்து வெயிலில் வைத்து, உள்ளே தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்ட வைத்தார். இன்றைய சூரிய அடுப்பின் தாத்தா அது. ஆல்ப்ஸ் பயணங்களைப் பற்றி நான்கு பெரிய தொகுதிகள், 1779 முதல் 1796 வரை. சுவிட்சர்லாந்தின் பழைய 20 ஃபிராங்க் நோட்டில் இருந்த முகமும் இவருடையதுதான்.

மோன் பிளான் மேல் முதலில் ஏறியது சோசூர் இல்லையா?

இல்லை. 1786 ஆகஸ்ட் 8 மாலை, இருட்டுவதற்குள், ஷமோனி ஊர்க்காரர்கள் இருவர் உச்சியில் நின்றார்கள். ஒருவர் மிஷெல் கப்ரியேல் பக்கார், அந்த ஊர் டாக்டர். இன்னொருவர் ஜாக் பால்மா, பாறை இடுக்குகளில் படிகம் தேடி விற்றுப் பிழைத்தவர். கயிறு இல்லை, இன்றைய பனிக்கோடரி இல்லை, நீளக் கழிதான். பக்கார் பாரோமீட்டரைச் சுமந்துபோய் உச்சியில் அளவும் எடுத்தார். இறங்கும்போது பனியின் வெளிச்சம் தாக்கி அவருக்குக் கண் தெரியாமல் போக, பால்மா கூட்டி வந்தார்.

அப்புறம் நடந்ததுதான் அசிங்கம். தானே ஏற முயன்று தோற்ற பூரி என்ற எழுத்தாளர் (பெயருக்குச் சிரிக்க வேண்டாம்) பக்காரைக் குறைத்து எழுத ஆரம்பித்தார். பால்மாதான் எல்லாம், டாக்டர் இழுத்துச் செல்லப்பட்டவர் என்று கதை பரவி, நூறு வருடம் அதுவே வரலாறாக நின்றது. 1887இல் ஷமோனியில் சிலை வைத்தபோது பால்மா சோசூருக்கு மலையைச் சுட்டிக் காட்டுகிற மாதிரி வைத்தார்கள், பக்கார் இல்லவே இல்லை. ஆனால் அன்றைக்குக் கீழேயிருந்து தொலைநோக்கி வைத்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் பிரபு நேரம் போட்டுக் குறிப்பெழுதியிருந்தார். அது வெளியே வந்த பிறகுதான் பக்காரின் பக்கம் நியாயம் தெரிந்தது. அவருக்குத் தனிச் சிலை வந்தது 1986இல், அதாவது ஏறி இருநூறு வருடம் கழித்து.

சோசூர் எப்போது ஏறினார்? உச்சியில் என்ன செய்தார்?

அடுத்த வருடம், 1787 ஆகஸ்ட் 3. ஒரு வேலைக்காரர், 18 வழிகாட்டிகள், அவர்கள் முதுகில் கூடாரம், படுக்கை, அடுப்புக்கரி, பெட்டி பெட்டியாகக் கருவிகள். கிளம்பிய மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு உச்சி. கடைசி ஏற்றத்தில் பதினைந்து பதினாறு அடி வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அவர் முதலில் பார்த்தது கீழே ஷமோனியை. அங்கே மனைவி தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தார், தான் பார்த்துவிட்டதற்கு அடையாளமாகக் கொடி ஏற்றுவதாக ஏற்பாடு. கொடி ஏறியது தெரிந்த பிறகுதான் அவருக்கு நிம்மதி. 27 வருட ஆசை நிறைவேறிய இடத்தில் நின்றபோது தனக்கு வந்தது சந்தோஷத்தைவிட ஒரு மாதிரி கோபம்தான் என்றும், பனியைக் காலால் மிதித்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். இவ்வளவு நேர்மையாக எழுதிய மலையேறிகள் குறைவு.

அப்புறம் வேலை, நாலரை மணி நேரம். சாதாரணமாகக் கடற்கரையில் மூன்று மணி நேரத்தில் முடிகிற சோதனைகளை அங்கே முடிக்க முடியவில்லை, குனிந்து கருவியைப் பார்த்தாலே மூச்சிரைத்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்தார். கடலோரத்தில் 12, 13 நிமிடத்தில் கொதித்தது இங்கே அரை மணி நேரம் எடுத்தது, அதுவும் சுமார் 86 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிட்டது. நாடி பிடித்தார், தன்னுடையது 100. ஷமோனியில் அதுவே 72. பசி யாருக்கும் இல்லை. கொண்டுபோன சாப்பாடு உறைந்து கிடந்தது.

பாதரசத்தை வைத்து மலை உயரத்தை எப்படிச் சொல்ல முடியும்?

நம் தலைக்கு மேல் இருக்கிற காற்றுக்கு எடை உண்டு. அந்த எடைதான் பாரோமீட்டர் குழாயில் பாதரசத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. கடல் மட்டத்தில் சுமார் 76 சென்டிமீட்டர் நிற்கும். மேலே போகப்போகத் தலைக்கு மேல் காற்று குறையும், பாதரசம் இறங்கும். 1648இலேயே பாஸ்கல் தன் மைத்துனர் பெரியேயை பிரான்ஸின் ப்யூய் த தோம் மலைக்கு அனுப்பி இதைச் சோதித்துவிட்டார். சோசூர் நின்ற உச்சியில் பாதரசம் 43 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் நின்றது.

ஒரே சிக்கல், வானிலை மாறினாலும் பாதரசம் ஏறி இறங்கும். அதனால் அதே நேரத்தில் அடிவாரத்திலும் ஓர் ஆள் அளக்க வேண்டும். சோசூருக்காக ஜெனீவாவில் நண்பர் செனெபியேயும் ஷமோனியில் சோசூரின் மகனும் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப் போட்டதில் மோன் பிளான் இன்றைய அளவில் சுமார் 4,775 மீட்டர் என்று வந்தது. 2023இல் செயற்கைக்கோள் உதவியோடு எடுத்த அளவு 4,805.59 மீட்டர். கண்ணாடிக் குழாயை மூட்டையில் கட்டித் தூக்கிப் போனவருக்கு முப்பது மீட்டர் பிசகு என்பது பிசகே இல்லை.

வானத்தின் நீலத்தைக்கூட அளந்தாராமே?

ஆமாம். பிரஷ்யன் நீலச் சாயத்தை வெவ்வேறு அடர்த்தியில் காகிதத்தில் ஏற்றி, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை வரிசையாக எண் போட்டு, வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி அது. பெயர் சயனோமீட்டர். துணிக்கடையில் சாம்பிள் அட்டை காட்டுவார்களே, கிட்டத்தட்ட அதுதான். பிறகு 53 படிகள் கொண்ட வட்டமாக அதை மாற்றினார். உச்சிக்குப் போகப்போக நீலம் கறுத்துக்கொண்டே வரும் என்று வழிகாட்டிகள் சொல்வதை எண்ணாக மாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் தென் அமெரிக்காவுக்குப் போனபோது ஒன்றைக் கையோடு எடுத்துப் போனார்.

இன்னொரு கருவி இதைவிட விசேஷம்: தலைமுடி. எண்ணெய்ப் பசை போகக் காரத்தில் வேகவைத்த மனித முடி, காற்றில் ஈரம் ஏறினால் நீளும், காய்ந்தால் சுருங்கும். வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு இரண்டரை பங்குதான், ஆனால் ஒரு சின்ன முள்ளைத் திருப்ப அது போதும். 1783இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். இருபதாம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்களில் ஈரப்பதம் காட்டியது முடிதான்.

செடி, பூச்சி, மிருகம் பக்கம் ஏதாவது?

நிறைய. எனக்குப் பிடித்தது சிவப்புப் பனி. கோடையில் ஆல்ப்ஸின் பனித் திட்டுகளில் சில இடங்களில் ரோஜா நிறத்தில் கறை தெரியும். 1760இலேயே சோசூர் அதைப் பார்த்து, அள்ளி வந்து, உலர்த்தி, எரித்துப் பார்த்தார். தாவரம் எரிகிற வாசனை. அதனால் ஏதோ பூவின் மகரந்தத் தூள் என்று முடிவுக்கு வந்தார். முழுக்கச் சரியில்லை, அது பனியிலேயே வாழும் நுண்பாசி. ஆனால் நுண்ணோக்கி வசதி கம்மியாக இருந்த காலத்தில், மண்ணோ தாதுவோ இல்லை, உயிருள்ள ஒன்று என்று மூக்கை வைத்தே சொன்னது சும்மா இல்லை.

அப்புறம் ஒரு பூச் செய்தி. உத்தராகண்டின் மாநிலப் பூவான பிரம்ம கமலம் சோசூரியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பெயர் இவரையும் இவர் மகன் தியோடோரையும் நினைவில் வைத்து இடப்பட்டது. இரவில் மலர்ந்தால் நம் ஊரில் வாட்ஸ்அப்பில் படம் போட்டுப் பிரம்ம கமலம் என்பார்களே, அது வேறு. அது அமெரிக்காவிலிருந்து வந்த கள்ளி வகை. இமயத்துப் பூவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நிலவியலில் சோசூர் கண்டுபிடித்தது என்ன?

ஒரு பாறையை மட்டும் சொல்கிறேன். ஷமோனிக்கு வடக்கே வலோர்சின் என்ற ஊர்ப்பக்கம், கூழாங்கற்களும் மணலும் சேர்ந்து கான்கிரீட் போல இறுகிய பாறை அடுக்குகள் உண்டு. அவை செங்குத்தாக, சுவர் மாதிரி நிற்கின்றன. அந்தக் காலத்தில் பலர், மலைப்பாறை எல்லாம் ஆதிக் கடலில் அப்படியே சரிவாகவோ நிமிர்ந்தோ படிந்து உறைந்தது என்று நம்பினார்கள். சோசூர் அந்தச் சுவருக்கு முன் நின்று யோசித்தார். கூழாங்கல் உருண்டை. தண்ணீரில் உருண்டு தேய்ந்தது. செங்குத்தான சுவரில் கூழாங்கல் போய் ஒட்டிக்கொண்டு, பின்னால் வருகிற மணலுக்காகக் காத்திருக்குமா? முடியாது. படிந்தபோது படுக்கையாகத்தான் படிந்திருக்க வேண்டும், இறுகிய பிறகு ஏதோ ஒரு சக்தி மொத்தத்தையும் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும்.

அவ்வளவுதான். ஒரு கூழாங்கல்லை வைத்து, மலை அசைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். எந்தச் சக்தி என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதவும் இல்லை. எல்லாரும் பூமி பிறந்த கதைக்கு ஆளுக்கொரு கொள்கை விட்டுக்கொண்டிருந்தபோது இவர் தன் கடைசித் தொகுதியின் முடிவில் கொள்கைக்குப் பதிலாக நீளமாக ஒரு பட்டியல் போட்டார்: இனிமேல் மலைக்குப் போகிறவர்கள் எதையெதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று. கிட்டத்தட்ட இந்தப் பக்கம் மாதிரி, கேள்விகள் மட்டும், பதில் இல்லாமல். ஆல்ப்ஸ் பக்கமே போகாத ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஹட்டன், நவீன நிலவியலுக்கு அடி போட்டவர், தன் நூலில் பக்கம் பக்கமாக சோசூரைத்தான் எடுத்துப் போட்டார்.

பனியுகம் என்ற யோசனை எப்படி வந்தது?

இடம் மாறிக் கிடந்த பாறைகளிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் இருக்கும் ஜூரா மலை சுண்ணாம்புக்கல். அங்கே நேஷாத்தெல் என்ற சுவிஸ் நகருக்கு மேலே அந்தச் சுண்ணாம்பு மலைச்சரிவில் வீடு பெரிசுக்கு ஒரு கிரானைட் பாறை உட்கார்ந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் தேரைக் கல். அந்த கிரானைட் மோன் பிளான் பக்கத்துச் சரக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். நடுவில் பெரிய ஏரி வேறு. யார் தூக்கி வந்தது?

சோசூர் வெள்ளம் என்றார். பிரிட்டிஷ் நிலவியலாளர் லயல், கடலில் மிதந்த பனிக்கட்டிகள் சுமந்து வந்தன என்றார். வெள்ளமும் சேறும் என்று பிடிவாதமாக நின்றார் ஜெர்மன் நிலவியலாளர் ஃபோன் பூக். படித்தவர்களில் பெரும்பாலோருக்குப் பனியாறு தோன்றவில்லை. பனியாறு என்றால், மலையில் சேர்ந்த பனி இறுகிக் கட்டியாகி, தன் கனத்தாலேயே பள்ளத்தாக்கில் மெல்ல வழிந்து இறங்குவது. அதன் ஓரங்களிலும் நுனியிலும் அது கொண்டுவந்த கல்லும் மண்ணும் கரை மாதிரி குவிந்து கிடக்கும்.

அப்படியானால் பனியாறு என்று சொன்னது யார்?

மலையாடு வேட்டையாடிப் பிழைத்த பெரோதான் என்ற ஆள். சுவிட்சர்லாந்தின் பாஞ் பள்ளத்தாக்கில் லூர்த்தியே ஊர்க்காரர். பனியாறு பின்வாங்கிய இடத்தில் பாறை எப்படி வழவழப்பாகக் கீறல் விழுந்து கிடக்கும் என்பது அவருக்குத் தினசரி பார்த்த விஷயம். அதே கீறல் பனியாறே இல்லாத கீழ்ப் பள்ளத்தாக்கிலும் இருந்தது. அப்படியானால் ஒரு காலத்தில் பனி மர்த்தினி ஊர் வரை நிறைந்து கிடந்திருக்க வேண்டும். 1815இல் தன் குடிசையில் ஓர் இரவு தங்கிய ஷார்பான்தியே என்ற உப்புச்சுரங்க இயக்குநரிடம் இதைச் சொன்னார். யோசித்துப் பார்க்கவே லாயக்கில்லாத பேச்சு என்று அவர் தூங்கப் போய்விட்டார். அதை அவரே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார், அது பெரிய மனசு.

மூன்று வருடம் கழித்து அதே பள்ளத்தாக்கில் ஒரு விபரீதம். தம்போரா எரிமலை வெடித்த 1815க்குப் பிறகு சில வருடங்கள் கோடையே சரியாக இல்லை, பனி பெருகியது. ஜியெத்ரோ பனியாற்றிலிருந்து உடைந்து விழுந்த கட்டிகள் ஆற்றை அடைத்து அணை போட, பின்னால் ஏரி தேங்கியது. மாநிலப் பொறியாளர் இக்னாஸ் வெனெட்ஸ் ஆட்களை வைத்துப் பனிக்குள் சுரங்கம் வெட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார். மூன்றில் ஒரு பங்கு வடிந்தது. 1818 ஜூன் 16 மாலை அணை உடைந்தது. நாற்பது பேர் அளவில் செத்தார்கள். அந்த வேலையில் பனியாறுகளோடு பழகிய வெனெட்ஸ், பெரோதான் சொன்னது சரி என்று உணர்ந்து, 1829இல் சுவிஸ் அறிஞர் கூட்டத்தில் சொல்லிவிட்டார். இப்போது ஷார்பான்தியே அதைத் தப்பென்று நிரூபிக்கக் கிளம்பி, போய்ப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் தானே மாறிப்போனார்.

இதில் ஒரு காட்சி. 1834இல் ஷார்பான்தியே லூசர்ன் கூட்டத்தில் இதைப் பற்றிப் படிக்கப் போகிறார். வழியில் ஒரு கிரானைட் பாறையை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கூட வந்த மரவெட்டி, இந்த மாதிரி இங்கே நிறைய உண்டு, கிரிம்செல் மலைப்பக்கத்துக் கல் இது என்கிறார். எப்படி இங்கே வந்தது? கிரிம்செல் பனியாறு கொண்டுவந்து போட்டது, அந்தக் காலத்தில் அது பெர்ன் வரைக்கும் வந்ததே என்று சர்வ சாதாரணமாகப் பதில். அதையே நிரூபிக்கும் கட்டுரை அப்போது ஷார்பான்தியேயின் சட்டைப்பையில் இருந்தது. அந்தப் பழைய பனியாற்றின் பேரைச் சொல்லிக் குடித்துக்கொள் என்று மரவெட்டி கையில் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு ஏன் எல்லாப் புத்தகத்திலும் அகாசி பெயர் இருக்கிறது?

சத்தமாகச் சொன்னவர் அவர். லூயி அகாசி நேஷாத்தெலில் புதைபடிவ மீன்களுக்குப் பேர் போன பேராசிரியர். 1836 கோடையில் ஷார்பான்தியே வீட்டுப்பக்கம் தங்கி, தப்பென்று காட்டும் எண்ணத்தோடு போய், அவரும் மாறினார். 1837 ஜூலை 24 அன்று, மீன் பற்றிப் பேசுவார் என்று வந்து உட்கார்ந்த கூட்டத்தின் முன் பனியுகம் பற்றிப் பேசினார். பெரிய சண்டை. ஹம்போல்ட், பேசாமல் மீனுக்கே திரும்பிப் போ என்கிற தொனியில் கடிதம் எழுதினார். பனியுகம் என்ற பொருளில் ஜெர்மன் சொல்லை உருவாக்கியவர் அகாசியின் நண்பர் ஷிம்பர், அவருக்கும் மனக்கசப்பு. அகாசியின் நூல் 1840இல் முந்திக்கொண்டு வந்தது, ஷார்பான்தியேயின் நூல் 1841இல். விருந்து போட்டுக் கற்றுக்கொடுத்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

வட துருவத்திலிருந்து மத்தியதரைக்கடல் வரை ஒரே பனிப்போர்வை, ஆல்ப்ஸ் எழுவதற்கும் முன்பே என்பது அகாசியின் முதல் வடிவம், அது தப்பு. ஷார்பான்தியேயின் அடக்கமான வடிவம்தான் உண்மைக்குப் பக்கம். அகாசி பிறகு அமெரிக்கா போய் ஹார்வர்டில் பெரிய ஆள் ஆனார். அங்கே மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை, சமமில்லை என்று பேசி அடிமைமுறைக்காரர்களுக்குத் தெம்பு கொடுத்தார். பனி போட்ட கீறலைப் படிக்கத் தெரிந்தவருக்கு மனிதனைப் படிக்கத் தெரியவில்லை. நேஷாத்தெல் நகரமே சில ஆண்டுகளுக்கு முன் அவர் பெயரிலிருந்த சதுக்கத்தின் பெயரை மாற்றிவிட்டது.

பனியாறு நகர்கிறது என்று எப்படி நிரூபித்தார்கள்?

குடிசை கட்டி. ஹூகி என்ற ஆசிரியர் 1827இல் உன்டரார் பனியாற்றின் மேல் ஒரு கற்குடிசை போட்டார். 14 ஆண்டுகளில் அது சுமார் 1,400 மீட்டர் கீழே போயிருந்தது. யாரும் தள்ளவில்லை. அகாசி 1840இல் அதே பனியாற்றில் ஒரு பெரிய பாறையின் அடியில் தங்கி, அதற்கு நேஷாத்தெல்காரர்கள் ஹோட்டல் என்று பெயரிட்டார். குறுக்கே வரிசையாகக் கம்பு நட்டு அடுத்த வருடம் பார்த்தால், நடுவில் இருந்தவை முன்னே போய் வரிசை வில்லாக வளைந்திருந்தது. ஆற்றைப் போலத்தான், நடுவில் வேகம். ஒருமுறை தண்ணீர் இறங்கும் பனிக் கிணற்றுக்குள் கயிற்றில் தன்னை இறக்கச் சொல்லி, அடியில் காலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு கத்திய கதையும் உண்டு. 1842இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஃபோர்ப்ஸ், ஷமோனிக்கு மேலே இருக்கும் மேர் த கிளாஸ் பனியாற்றில் தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) வைத்து நாள் கணக்கிலேயே நகர்வை அளந்து காட்டினார்.

அதை வைத்து எதையாவது முன்கூட்டிச் சொல்ல முடிந்ததா?

முடிந்தது, கொஞ்சம் நடுங்க வைக்கிற மாதிரி. 1820 ஆகஸ்டில் ஹாமெல் என்ற ரஷ்ய மருத்துவர் மோன் பிளானுக்குக் கூட்டிப்போன குழு பனிச்சரிவில் சிக்கி, மூன்று ஷமோனி வழிகாட்டிகள் பனிப்பிளவில் புதைந்தார்கள். வானிலை சரியில்லை, திரும்பலாம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் இது. ஃபோர்ப்ஸ் கணக்குப் போட்டு, சுமார் நாற்பது வருடத்தில் உடல்கள் போசோன் பனியாற்றின் அடியில் வெளிவரும் என்றார். 1861இல் வந்தன. எலும்பு, துணி, தொப்பி, ஒரு கை. அன்றைக்கு உயிர் தப்பியவர்களில் ஒருவர் கிழவராக அப்போதும் ஊரில் இருந்தார், அந்தக் கையை அடையாளம் சொன்னார்.

அதே போசோன் பனியாறு இன்றும் ஏர் இந்தியா விமானங்களின் மிச்சத்தைக் கொண்டுவந்து போடுகிறது. 1950இலும் 1966 ஜனவரி 24 அன்றும் மோன் பிளான் மேல் மோதிய இரண்டு விமானங்கள். இரண்டாவதில்தான் ஹோமி பாபா போனார், மொத்தம் 117 பேர். 2020இல் அடியில் கிடைத்த இந்திய நாளிதழ்களில், இந்திரா காந்தி பிரதமராவது தலைப்புச் செய்தியாக இருந்தது, எழுத்து கலையாமல்.

பழைய பாறை மேலேயும் புதிய பாறை கீழேயும் இருக்கிற இடம் உண்டாமே?

சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் பகுதியில். 25 கோடி வருடத்துக்கும் முந்திய பாறை, அதைவிட இருபது கோடி வருடம் அளவில் இளைய பாறையின் மேல் தொப்பி போட்டது போல உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு. 1840களில் ஆர்னோல்ட் எஷர், பழையது பெரிய தூரம் தள்ளப்பட்டுப் புதியதின் மேல் ஏறிவிட்டது என்று புரிந்துகொண்டார். ஆனால் அச்சில் அதைத் துணிந்து போடவில்லை, போட்டால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னதாகச் சொல்வார்கள். மடிப்புகள் என்று சுற்றி வளைத்து விளக்கினார். 1884இல் மார்செல் பெர்த்ரான் என்ற பிரெஞ்சுக்காரர், அந்த இடத்தைப் போய்ப் பார்க்காமலே, பிறர் வரைந்த படங்களை வைத்து, இது தள்ளல்தான் என்றார்.

இந்தியாவுக்கு இதில் பங்கு ஏதும் உண்டா?

உண்டு. 1856இல் ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரிப் பகுதியில் நிலவியலாளர்களான பிளான்ஃபோர்ட் சகோதரர்களும் உடன் வந்தவர்களும் களிமண்ணில் பெரிய பாறைகள் தாறுமாறாகப் புதைந்த படுகையைப் பார்த்து, இது பனியின் வேலை என்றார்கள். கடக ரேகைக்குத் தெற்கே பனியாறா என்று யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை. சுமார் 30 கோடி வருடத்துக்கு முன் இந்தியா தென் துருவப் பக்கம் இருந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தச் சகோதரர்களில் இளையவர் ஹென்றி பிளான்ஃபோர்ட்தான் பிறகு திருச்சி, தென்னாற்காடு மாவட்டங்களின் கடற்படிவுப் பாறைகளை ஆராய்ந்து எழுதியவர். அரியலூர் என்றதும் நத்தை மாதிரி சுருண்ட கல் படிவங்கள் நினைவுக்கு வருமே, அந்தப் பாறைகள்தான்.

பெண்கள் யாருமே ஏறவில்லையா?

ஏறினார்கள். 1808இல் ஷமோனி விடுதியில் வேலை பார்த்த மரி பராதி மோன் பிளான் உச்சிக்குப் போனார், கடைசியில் வழிகாட்டிகள் தூக்காத குறையாக. 1838இல் ஆன்ரியெத் தான்ஜெவில் முழுக்கத் தன் காலிலேயே ஏறி, உச்சியில் நாடியையும் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

இப்போது போனால் இதில் எதைப் பார்க்க முடியும்?

ஷமோனியிலிருந்து மோன்தான்வேருக்குப் பல்சக்கர ரயில் போகும். 1741இல் இரண்டு ஆங்கிலேயர்கள் துப்பாக்கியோடு மேலே ஏறி நின்று, காற்றில் கொந்தளித்த ஏரி அப்படியே உறைந்த மாதிரி இருக்கிறது என்று எழுதிய இடம் அது. பனியாற்றுக்கு மேர் த கிளாஸ், பனிக்கடல், என்ற பெயர் அந்த வர்ணனையோடுதான் பரவியது. இப்போது ரயிலை விட்டு இறங்கினால் கடலைக் காணோம், சாம்பல் நிறக் கல்லும் மண்ணும்தான் பள்ளத்தில் கிடக்கும். 2024இல் புதிய கம்பிவட வண்டி வரும் வரை, பனியைத் தொட வேண்டுமானால் பாறையோரமாகப் பொருத்திய இரும்புப் படிகளில் நூற்றுக்கணக்கில் இறங்க வேண்டியிருந்தது, பனி தாழத் தாழப் படிகளைக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். வழியில் பாறையில் சின்னப் பலகைகள் அடித்திருந்தார்கள், இந்த வருடம் பனி இந்த மட்டம் வரை இருந்தது என்று. 1985, 1990 என்று படித்துக்கொண்டே இறங்குவார்கள். முட்டி வலி உள்ளவர்கள் திரும்பி ஏறுவதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.